பெரிய ஹெட் வாங்காதீங்க சாமிகளா!

நான் இருக்கிற ராஜ்கோட்ல டூல்ஸ் கடைக்குப் போனா ஒரு மந்திரம் காதுல விழும். "படா லே லோ சாப், பாத் மே காம் ஆயேகா." பெரிசாவே வாங்கிக்குங்க, பின்னால உதவும். வீட்டுக் கடனுக்கு வர்றவங்களும் இதே மந்திரத்தை ஜபிச்சுக்கிட்டுத்தான் என் மேஜைக்கு எதிர்ல உட்கார்றாங்க. அது அவங்க பாடு. வீட்டுல சின்ன மில்லிங் மிஷின் வச்சிருக்கிறவன்கிட்ட 75 மி.மீ. போரிங் ஹெட்டைத் தள்ளிவிடறதைத்தான் என்னால பொறுக்க முடியலை.

இந்த வம்பு தெரியாதவங்களுக்கு: ட்ரில் போட்ட ஓட்டை சரியான வட்டமாவும் இருக்காது, நினைச்ச இடத்துலயும் இருக்காது. ரீமர் விட்டா அதே கோணல் ஓட்டையைப் பின்தொடர்ந்து போகும். ஸ்பிண்டிலோட அச்சுல நேரா, உருண்டையா ஓட்டை வேணும்னா போரிங் ஹெட்தான். ஒரு பாரை ஓரமா நகர்த்தி வச்சுச் சுத்தவிட்டு, கொஞ்சம் கொஞ்சமா அகலப்படுத்தணும். பேரிங் உட்கார்ற இடத்துக்கு வேற வழி கிடையாது.

கடைக்காரர் வாதத்துலயும் நியாயம் இருக்கு. 50 மி.மீ. ஹெட்ல பொதுவா 12 மி.மீ. பார், 75 மி.மீ. ஹெட்ல 18 மி.மீ. பார். விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும். அதாவது சுமார் 5 மடங்கு. கணக்கு சரி. ஆனா வளையறது பார் மட்டும்தானா? சீக் எக்ஸ்2 வகை மிஷின்ல காலம் மொத்தமும் ஒரே ஒரு பெரிய நட்டுல நிக்குது. அதோட ஸ்பிண்டில்ல ஒரு கனமான கட்டியைத் தொங்கவிட்டு, அதையும் ஒரு பக்கமாத் தள்ளி வச்சுச் சுத்தவிட்டா எது ஆடும்? பாலன்ஸ் ஷீட்ல ஒரு சொத்தை மட்டும் பார்த்துட்டு லோன் கொடுக்கிற கதைதான் இது.

இன்னொண்ணு, நீளம். பார் வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற நீளம் இரண்டு மடங்கானா வளைவு எட்டு மடங்கு. பெரிய ஹெட்டோட உடம்பே உயரம், கூட வர்ற பார்களும் நீளம். சின்ன மிஷின்ல வைஸ், ஜாப், ஹெட், பார் எல்லாம் வச்சா மேல கீழ நகர இடமே இருக்காது.

எங்க பேங்க்ல வேற கிளையில இருக்கிற நண்பர் ஒருத்தர் 6202 பேரிங்குக்கு வார்ப்பிரும்புத் தகட்டுல 35 மி.மீ. போர் போடப் பார்த்தார். ஆழம் 11 மி.மீ.தான். 75 மி.மீ. ஹெட். தெருவே கேட்கிற மாதிரி கத்தல், சுவரெல்லாம் அலை அலையா வரி. மனுஷன் மிஷினையே விற்கிறதுன்னு முடிவு பண்ணிட்டார். "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க"ன்னு என்னோட 50 மி.மீ. ஹெட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். அதே மிஷின், அதே தகட்டோட மிச்சம். பாரை 20 மி.மீ.க்கு மேல வெளியே விடலை. டேபிளை ரெண்டு பக்கமும் லாக் பண்ணி, ஹைஸ்பீடு பிட்டுக்கு நிமிஷத்துக்கு 200 சுற்றுக்குப் பக்கத்துல வச்சோம். சத்தமே இல்லை. மிஷின் இப்பவும் அவர்கிட்டதான் இருக்கு. 100 மி.மீ. ஓட்டை வேணும்னா? வருஷத்துக்கு ஒண்ணுதானே, ஆஜி பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்!

வித்துட்டுப் போறவங்க சொல்லாத இன்னொரு சங்கதி, பக்கவாட்டுல இருக்கிற மூணு ஸ்க்ரூ. வழக்கமான ஹெட்ல ஓரத்து ரெண்டும் கிப்புக்கு. ஸ்லைடு லேசான இறுக்கத்தோட நகர்ற மாதிரி ஒரு தடவை வச்சுட்டு அப்படியே விட்டுடணும். நடுவுல இருக்கிறதுதான் லாக். கட் கொடுக்க அதை மட்டும் தளர்த்தி, நகர்த்தி, திரும்ப இறுக்கணும். நம்மாளுங்க மூணையும் ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டிட்டு "சைனா மால் சார், அளவே நிக்கலை"ங்கிறாங்க. எப்படி நிக்கும்?

அப்புறம் அந்த டயல். 0.01 கோடு போட்டிருந்தா ஓட்டையும் 0.01ல வந்துடும்னு நம்பிக்கை! டயல் சொல்றது ஸ்லைடு எவ்வளவு நகர்ந்ததுன்னு மட்டும்தான். டூல் நுனி ஸ்லைடு நகர்ற கோட்டுமேல இல்லாம பாரைத் திருகி மாட்டியிருந்தா அந்தக் கணக்கும் தப்பு. 35 மி.மீ.க்கு ஹெச்7ன்னா கூடுதலா 0.025 வரைக்கும்தான் இடம். அதனால கடைசி ரெண்டு கட்டையும் ஒரே ஆழத்துல போடுங்க. முதல் கட்டுக்கப்புறம் டெலிஸ்கோப்பிக் கேஜும் மைக்ரோமீட்டரும் வச்சு அளந்தா, கேட்டதுக்கும் கிடைச்சதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு தெரிஞ்சுடும். ரெண்டாவதுல அதைச் சேர்த்துக் கொடுக்கலாம். எப்பவும் வெளிப்பக்கமாவே நகர்த்துங்க. தாண்டிட்டா நல்லாப் பின்னால வந்து திரும்ப வாங்க, இல்லைன்னா ஸ்க்ரூவோட பாக்லாஷ் ஏமாத்திடும். கடைசியில ஸ்பிண்டிலை நிறுத்திட்டு வெளியே எடுங்க. சுத்தும்போதே தூக்கினா சுவர்ல சுருள் கோடு விழும்.

டிஸ்கி: சில ஹெட்ல டயல் ஆரத்தைக் காட்டும், சிலதுல விட்டத்தை. பெட்டியில எழுதியிருக்கிறதை நம்பாம, ஒரு டயல் இண்டிகேட்டரை பாருக்குப் பக்கத்துல நிறுத்தி 10 கோடு நகர்த்திப் பாருங்க. இண்டிகேட்டர் 0.10 நகர்ந்தா ஓட்டை 0.20 பெரிசாகும் :-)