இந்தச் சமன்பாடு பிழை

அமெரிக்கத் தேர்தல் வந்தால் போதும், நம்மவர்கள் ஒரு சமன்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஜனநாயகக் கட்சி என்றால் பிரித்தானியாவின் தொழிற்கட்சி மாதிரி, குடியரசுக் கட்சி என்றால் கன்சர்வேட்டிவ் மாதிரி. முதலாவது நமக்கு வேண்டியவர்கள், மற்றது வேண்டாதவர்கள். கதை முடிந்தது!

சரி, அமெரிக்க அரசியல்வாதிகளைப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துப் பார்ப்போம். யார் எந்த வாங்கில் உட்காருவார்?

முதலில் சுகாதாரம். 1948 இல் தொழிற்கட்சி அரசாங்கம் தொடங்கிய தேசிய சுகாதார சேவையை மார்கரெட் தட்சர்கூட இல்லாமலாக்கவில்லை. ஒபாமா 2010 இல் கொண்டுவந்த சட்டமோ தனியார் காப்புறுதிக் கம்பனிகளை நம்பியே நின்றது. இந்த ஒரு விடயத்தில் மட்டும் பார்த்தால் ஒபாமா தட்சருக்கும் வலப்பக்கம்! தயங்காமல் தொழிற்கட்சி வாங்குக்குப் போகக்கூடியவர் பேர்னி சாண்டர்ஸ். அவரோ ஒரு சுயேச்சை செனட்டர்.

அடுத்தது ஈராக் போர். 2002 ஒக்டோபரில் புஷ்ஷுக்குப் போர் அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்துக்கு ஜோ பைடனும் ஹிலாரி கிளின்டனும் ஆதரவாக வாக்களித்தார்கள். குடியரசுக் கட்சி செனட்டர் லிங்கன் சேஃபி எதிர்த்தார். 2003 இல் புஷ்ஷோடு போருக்குப் போன டொனி பிளேயர் எந்தக் கட்சி? தொழிற்கட்சி. கட்சியாக எதிர்த்து நின்றது லிபரல் டெமோகிராட். கன்சர்வேட்டிவ் கட்சியும் போரை ஆதரித்ததே என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன், பெயரை வைத்து ஆளை எடைபோட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. பிரித்தானியாவில் கட்சித் தலைமையின் பிடி இறுக்கம். 2019 இல் பிரெக்சிட் வாக்கெடுப்பில் எதிர்த்த 21 எம்.பி.மாரை பொரிஸ் ஜோன்சன் ஒரேயடியாக விலக்கினார். தொழிற்கட்சி தன் முன்னாள் தலைவர் ஜெரமி கோர்பினையே 2020 இல் பாராளுமன்றக் குழுவுக்கு வெளியே விட்டது. 2024 இல் அவர் சுயேச்சையாக நின்று வென்றார். அமெரிக்காவில் வேட்பாளரைத் தெரிவது முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கும் மக்கள். அதனால்தான் காஸாவுக்காகக் குரல் கொடுத்த ரஷீதா தலைப்பும், இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பிய பைடனும் ஒரே கட்சி. பிரித்தானியாவில் மூன்று கட்சிகளில் இருக்க வேண்டியவர்கள் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

மிச்சிகன் மக்கள் இதை நம்மைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். 2024 பெப்ரவரியில் ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பைடனுக்குப் போடாமல், 'எவருக்கும் உறுதியளிக்கவில்லை' என்ற தெரிவுக்கு வாக்களித்தார்கள். கட்சியின் பெயர் அவர்களைக் கட்டிப்போடவில்லை. நாம் மட்டும் இங்கே இருந்துகொண்டு அந்தப் பெயருக்காக ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறோம்.

என் மாணவர்களிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன். ஒருவர் எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன், எந்தத் தீர்மானத்துக்குக் கை உயர்த்தினார் என்று தேடிப் பாருங்கள். மறுப்பவர்கள் தாராளமாகக் கருத்திடலாம். வாக்களிப்புப் பதிவோடு வாருங்கள், பேசுவோம்.