மஞ்சள் கல்லும் 12 சதவீதமும்

கேரளாவின் சில்வர்லைன் (கே-ரயில் என்றால் பலருக்குச் சட்டென்று புரியும்) பற்றிப் பேச்சு வந்தாலே, "மலையாளிக்கு வளர்ச்சின்னா ஆகாதுப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

திட்டம் என்னவோ ஜோர்தான். திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை சுமார் 530 கி.மீ., நாலு மணி நேரத்தில் போய்விடலாம். செலவு 63,941 கோடி என்றது மாநில அரசு. 1.26 லட்சம் கோடி ஆகும் என்றது நிதி ஆயோக். இடைவெளியைப் பார்த்தீர்களா!

ஆனால் 2022 மார்ச்சில் கோட்டயம் மாவட்டம் மாடப்பள்ளியில் பெண்கள் போலீசோடு மல்லுக்கு நின்றது இந்தக் கணக்குக்காக இல்லை. நிலத்தில் நட்ட மஞ்சள் எல்லைக் கல்லுக்காக. "இது சமூக பாதிப்பு ஆய்வுக்கு மட்டும்தான், நிலத்தை இப்போ எடுக்கலை" என்றது அரசு. சரி, அப்படியே இருக்கட்டும். கல் விழுந்த நிலத்தை அடமானம் பிடிக்க வங்கிகள் தயங்கினவே? விற்கப் போனால் யார் வாங்குவார்? பத்திரத்தில் பேர் உங்களுடையது, அவசரத்துக்கு அந்த நிலம் உதவாது. இத்தனைக்கும் விரிவான திட்ட அறிக்கையையே 2022 ஜனவரியில்தான் வெளியிட்டார்கள். கல் நடுவது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

கட்சிகளை விடுங்கள். அகமதாபாத் புல்லட் ரயிலைக் கொண்டாடும் பாஜக இங்கே எதிர்த்தது. இங்கே கல் நட்ட மார்க்சிஸ்ட் கட்சியின் விவசாய சங்கம், மகாராஷ்டிராவின் பால்கரில் அதே புல்லட் ரயிலை எதிர்த்தது :) காங்கிரஸும் ஆட்சியில் இருந்தபோது அதிவேக ரயில் கனவு கண்ட கட்சிதான்.

என் கவலை வேறு. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, ஆய்வுக்கான அறிவிப்பு வந்த நாளிலிருந்து சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதலாக உண்டு. நல்ல விஷயம். ஆனால் அது இழப்பீட்டோடு சேர்ந்துதான் கைக்கு வரும். நிலத்தையே எடுக்காவிட்டால்?

அதுதான் நடந்தது. மத்திய அரசின் அனுமதி வராமல், 2022 நவம்பரில் நில எடுப்புக்குப் போட்ட ஊழியர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இடையில் மகள் கல்யாணத்துக்கோ படிப்புக்கோ கடன் கிடைக்காமல் போனவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. திட்டத்தைக் கைவிட்டாலும் அந்த 12 சதவீதத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். அப்புறம் எந்த அரசும் யோசிக்காமல் கல்லைத் தூக்கிக்கொண்டு வராது.