இரவு ஒரு மணிக்குத் தம்பி யாருக்குக் கோல் எடுப்பான்?



இந்த வார எபிசோட்டில் பாஸ்வேர்ட், டூ-ஃபாக்டர் என்று நிறையக் கதைச்சோம். ஆனால் ஒரு விஷயத்தை நாங்கள் தொடவே இல்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் ஒருநாள் இரவு ஒரு மணிக்கு என் சித்தியின் மகன் கோல் எடுத்தான். வயது 15. அழுதுகொண்டே கதைச்சான். ஒரு ஆப்பில் "நானும் ஸ்காபரோவில்தான் படிக்கிறேன்" என்று அறிமுகமான ஒருத்தி படம் அனுப்பி, இவனிடமும் ஒன்று கேட்டிருக்கிறாள். அனுப்பிவிட்டான். இரண்டு நிமிஷத்தில் மெசேஜ்: 300 டொலர் கிஃப்ட் கார்டாக அனுப்பு, இல்லாவிட்டால் படம் இவர்களுக்குப் போகும். கூடவே அவனுடைய ஃபொலோவர் லிஸ்ட்டின் ஸ்கிரீன்ஷாட். அதில் மாமா, பெரியம்மாவின் மகள், தமிழ் வகுப்பு டீச்சர், மிருதங்க சேர்.

இதற்குப் பெயர் செக்ஸ்டோர்ஷன்.

அவனுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஸ்லைட் போட்டுக் காட்டுகிறார்கள்: தெரியாத ஆட்களோடு கதைக்காதே, படம் அனுப்பாதே. அந்தக் குவிஸில் அவன் முழு மார்க். ஒன்டாரியோவில் 2024 செப்டம்பரில் இருந்து வகுப்பில் போனுக்குக் கடும் கட்டுப்பாடும் இருக்கிறது. ஆனால் இது நடந்தது வீட்டில், போர்வைக்குள்.

"ஏன்டா அம்மாவை எழுப்பேல்லை?" என்று கேட்டேன்.

"அம்மா போனைப் பறிச்சிடுவா. பிறகு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

எங்கட ஆட்களின் ஃபொலோவர் லிஸ்ட்டில் பாதி சொந்தபந்தம்தான். சனம் என்ன சொல்லும் என்ற பயத்தை வீட்டில் நாங்களே வளர்த்து வைச்சிருக்கிறோம். மிரட்டுகிறவன் அதைச் சும்மா எடுத்துப் பாவிக்கிறான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் அமண்டா டாட் என்ற 15 வயதுப் பிள்ளை, இப்படியான மிரட்டலுக்குப் பிறகு 2012-இல் உயிரை மாய்த்துக்கொண்டாள். மிரட்டியவன் இருந்தது நெதர்லாந்தில். கனடா நீதிமன்றம் அவனுக்கு 13 வருஷத் தண்டனை கொடுத்தது 2022-இல். சட்டம் வர பத்து வருஷம் எடுக்கலாம். பயந்துபோன பிள்ளைக்கு அந்த ஒரு இரவைக் கடப்பதே பெரிய பாடு.

அன்று நாங்கள் காசு அனுப்பவில்லை. அனுப்பினால் திரும்பவும் கேட்பான். சாட்டை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம், ரிப்போர்ட் பண்ணினோம், ப்ளொக் பண்ணினோம். பிறகு 'டேக் இட் டவுன்' தளத்துக்குப் போனோம். 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கான இலவச சேவை அது. உங்கட போனிலேயே படத்துக்கு ஒரு ஹாஷ், அதாவது டிஜிட்டல் கைரேகை, உருவாகும். படம் போனை விட்டுப் போகாது, ஹாஷ் மட்டும்தான் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த ஹாஷை வைத்துப் படத்தைத் தேடி அகற்றும். கடைசியாக சைபர்டிப்பில் முறைப்பாடு.

விடிந்ததும் இரண்டு பேருமாகச் சித்தியிடம் சொன்னோம். முதலில் கத்தினா. பிறகு அவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. போனைப் பறிக்கேல்லை. படம் யாருக்கும் வந்ததாக இதுவரை தெரியவில்லை.

இதைப் பள்ளிக்கூடம் மட்டும் சொல்லித்தர ஏலாது. அவர்கள் அனுப்பும் ஆங்கில நோட்டீஸ் ஃப்ரிட்ஜில் ஒட்டியபடியே கிடக்கும். வைஃபை நிண்டால் வீட்டில் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அம்மாவின் வட்ஸ்அப், அப்பாவின் பாங்க் பாஸ்வேர்ட் எல்லாம் எங்கட பொறுப்பு. இதை அம்மா அப்பாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்துவதும் எங்கட வேலைதான். "பிள்ளை வந்து சொன்னா, முதல்ல ஏசாதேங்கோ, போனைப் பறிக்காதேங்கோ." இவ்வளவும் போதும்.

தம்பி, தங்கச்சி, மச்சாள் யாருக்காவது இந்தக் கிழமை ஒரு மெசேஜ் போடுங்கோ: "என்ன பிழை விட்டாலும், எந்த நேரமும் எனக்குக் கோல் எடு. ஏச மாட்டன்." கோல் வரும் நாளில் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கோ.

இது உங்களுக்கே நடந்து, சொல்ல ஆள் இல்லாவிட்டால், கனடாவில் கிட்ஸ் ஹெல்ப் போன் 24 மணி நேரமும் இருக்கு: 1-800-668-6868.

அடுத்த கிழமை சந்திப்பம்.