பாஸ்வேர்டு சரிதான், கணக்கு யாருடையது?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஜவுளிக்கடை, அடகுக்கடை, பள்ளிக்கூடம் என்று சர்வர் வைத்திருப்பவர்களுக்குச் சர்வீஸ் பார்ப்பது என் பிழைப்பு. கொஞ்ச காலமாக ஒரே மாதிரி போன்தான் வருகிறது. "அண்ணே, பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கிறேன். தப்புங்குது, உள்ள விட மாட்டேங்குது." பேசுவது பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பையன். பின்னால் முதலாளி அவனைத் திட்டுவதும் கேட்கும். திட்டு வாங்க வேண்டியவர் முதலாளிதான் என்பது என் கட்சி.

இந்த போன்களுக்குக் காரணம் இருக்கிறது. 2023 நவம்பர் 22-ல் பிராட்காம் நிறுவனம், சர்வர் மென்பொருள் விற்கும் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒருமுறை காசு கொடுத்தால் காலத்துக்கும் வைத்துக்கொள்ளும் உரிமம் நிறுத்தப்பட்டது. இனி சந்தாதான் என்றார்கள். 2024 பிப்ரவரியில், சர்வரில் நேரடியாக ஏற்றும் அவர்களது மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு போனது (2025 ஏப்ரலில் திரும்பி வந்தது). 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு இஎஸ்எக்ஸ்ஐயை உள்ளடக்கிய விஸ்பியர் தொகுப்பின் 7-ஆம் பதிப்புக்கான பொது ஆதரவும் முடிந்தது. ஒரே சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் நாலைந்து கணினிகள், அதாவது விர்ச்சுவல் மெஷின்கள், பல இடங்களில் இந்த விஎம்வேர் மென்பொருளின் மேல்தான் இருக்கின்றன. ஒன்றில் டேலி, ஒன்றில் வருகைப் பதிவு, இன்னொன்றில் யாரும் தொடப் பயப்படும் பழைய பில்லிங். சந்தா கட்ட மனசில்லாதவர்கள் அவற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குக் குடிபோகப் பார்க்கிறார்கள். இப்படிக் கட்டி எடுக்க, அதாவது ஏற்றுமதி செய்ய, ஓவிஎஃப் டூல் என்றொரு கருவி உண்டு. கட்டளை வரியில் பெயர், பாஸ்வேர்டு, சர்வர் முகவரி மூன்றையும் ஒரே முகவரியாக எழுதி ஓட்ட வேண்டும். வாசலிலேயே முட்டிக்கொள்வது அங்கேதான்.

அந்த ஒற்றை முகவரியில் @ என்பது வெறும் எழுத்தல்ல. இதுவரை ஆளின் பெயரும் பாஸ்வேர்டும், இதற்குமேல் சர்வர் என்று பிரிக்கும் வேலி. பாஸ்வேர்டுக்குள்ளேயே ஒரு @ இருந்தால் கருவி எந்த வேலியை நம்பும்? அதை %40 என்று மாற்றி எழுத வேண்டும். ஊர்ப்பெயர், @, வருடம் என்று பாஸ்வேர்டு வைக்காத அலுவலகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. சரி, %40 என்று எழுதிக் கையால் ஓட்டினால் ஓடுகிறது. அதையே விண்டோஸ் பேட்ச் ஃபைலில் போட்டால் மறுபடி தப்பு என்கிறது. பேட்ச் ஃபைலுக்கு %4 என்றால் 'நாலாவதாகக் கொடுத்த சொல்'. அப்படி எதுவும் கொடுக்காததால் அது காணாமல் போய், வெறும் பூஜ்யம் மிஞ்சும். அங்கே %%40 என்று இரட்டித்து எழுத வேண்டும். லினக்ஸில் ஆச்சரியக்குறியும் டாலர் குறியும் இதே வம்பைச் செய்யும்; ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால் அடங்கும். இத்தனையும் வேண்டாம் என்றால் முகவரியில் பாஸ்வேர்டை எழுதாமல் விட்டுவிடுங்கள், கருவியே கேட்கும். அப்போது உள்ளபடியே அடிக்கலாம். கட்டளை வரலாற்றில் பாஸ்வேர்டு பதிந்து கிடக்காது என்பது கூடுதல் லாபம்.

பையன் பதற்றத்தில் திரும்பத் திரும்ப அடிப்பான். ஐந்து முறை தவறினால் இஎஸ்எக்ஸ்ஐ அந்தக் கணக்கை 15 நிமிடம் பூட்டிவிடும். பூட்டியபின் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் அதே 'பெயரோ பாஸ்வேர்டோ தவறு' செய்திதான். வெளியிலிருந்து கதவைத் தட்டுகிற திருடனுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய பாஸ்வேர்டோடு ஒரு பேக்கப் மென்பொருள் எங்கோ மூலையில் ராத்திரி பகலாகத் தட்டிக்கொண்டிருந்தால், யாரும் கைவைக்காமலே ரூட் என்ற தலைமைக் கணக்கு பூட்டிக்கொண்டே இருக்கும். 900 விநாடி பூட்டியிருக்கிறது என்று சர்வரின் பதிவேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லி 2022 ஏப்ரல் 28-ல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. வைத்திருப்பவர்களே குறைவு, திறந்து படிப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். அவசரமென்றால் சர்வர் முன்னால் போய், மானிட்டரையும் கீபோர்டையும் சொருகி உள்ளே நுழையலாம். நேரடித் திரைக்கு இந்தப் பூட்டுக் கிடையாது.

இதெல்லாம் தெரிந்துகொள்ளக்கூடிய வித்தை. தெரியாமல் போவது வேறொன்று: அந்த ரூட் கணக்கு யாருடையது? சர்வரை நிறுவிக் கொடுத்த கம்பெனிக்காரரிடம் அதன் பாஸ்வேர்டு, பேக்கப்காரரிடம் அதுவே, ஊரைவிட்டுப் போன பழைய ஊழியரிடமும் அதுவே. முதலாளியிடம் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி அறை, தனிப் பூட்டு; வாசல் சாவி யாரிடம் என்று பங்காளிகள் அத்தனை பேருக்கும் தெரியும். அந்தப் புத்தியை வீட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

பல இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டரில் கணக்கின் பாஸ்வேர்டு, மாற்றியமைக்காவிட்டால், 90 நாளில் காலாவதி. வருடத்துக்கொரு தடவை எட்டிப்பார்க்கிறவருக்கு அது நிச்சயம் செத்துத்தான் கிடக்கும். அதோடு பாஸ்வேர்டில் ஒரு குறியீடாவது கட்டாயம் என்கிறது விசென்டர். அந்தக் குறியீடு @ ஆகத்தான் இருக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. சிறுகோடு, புள்ளி, அடிக்கோடு மூன்றும் இணைய முகவரி விதியில் எந்த வேலையும் இல்லாத எழுத்துகள். அவற்றில் ஒன்றைப் போட்டால் மாற்றி எழுதும் வேலையே இல்லை. குறியீடுகளைத் திணிக்கும் விதி வேண்டாம், நீளம்தான் முக்கியம் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. நம் ஊர் ஆடிட்டர்களுக்கு அந்தக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை போலும்.

கடை முதலாளிகளே, பள்ளித் தாளாளர்களே, அடுத்த ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) தாளில் ஒரு ஷரத்துச் சேர்க்கச் சொல்லுங்கள்: ஏற்றுமதிக்கென்று தனிக் கணக்கு, அதன் பாஸ்வேர்டு ஒட்டிய கவரில் உங்கள் பெட்டகத்தில். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஒரு மெஷினை நிறுத்தி, ஏற்றுமதி செய்து, வேறொரு கணினியில் உங்கள் கண்முன்னே ஓட்டிக்காட்ட வேண்டும். அதற்கு மழுப்புகிற கம்பெனிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். என் கம்பெனியாக இருந்தாலும்தான்.