புல்லுக்கும் ஓய்வு தேவை: மேய்ச்சல் நிலத்தை ஊர் கூடிக் காப்பது எப்படி?

திருச்சி எடமலைப்பட்டி புதூரிலிருந்து மதுரைச் சாலையில் தெற்கே போனால் பஞ்சப்பூர். 2025-ல் அங்கே ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டது. நகரம் அந்தத் திசையில் வளர வளர, சுற்றிலும் உள்ள தரிசுகள் மனைகளாக மாறிவருகின்றன. அதைத் தாண்டி மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி வரை மானாவாரி பூமி. அங்கே பல குடும்பங்களுக்கு ஆடு மாடுதான் சேமிப்பு. மழை பொய்த்துக் கடலை காய்ந்தாலும், இரண்டு கிடாக்களை விற்றுப் பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சமாளிக்கலாம். அந்த ஆடுகள் இனி எங்கே மேயும் என்பதுதான் இப்போதைய கேள்வி.

ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறியாடுகளும் 99 லட்சம் வெள்ளாடுகளும் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை மேய்ச்சலை நம்பியே வளர்கின்றன. ஆகவே இந்த அறிவிப்பு நமக்கும் உரியது.

சட்டம் என்ன சொல்கிறது?

வனங்களில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதத்தில் அந்த உத்தரவைத் திருத்தி, தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் என வரையறுத்தது. மறுபுறம், 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும், பருவந்தோறும் இடம்பெயரும் மேய்ப்பர்களின் உரிமையையும் அங்கீகரிக்கிறது. ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் கூறியது. மேய்க்கால் புறம்போக்கும் அத்தகைய பொது நிலமே.

நிலத்தை மீட்கச் சட்டம் துணை நிற்கும். ஆனால், மீட்ட நிலத்தில் புல் வளர்ப்பது சட்டத்தின் வேலை அல்ல. பொட்டலாகக் கிடக்கும் மேய்க்கால் நிலத்தை யார் பார்த்தாலும் 'வீணாகக் கிடக்கிறதே' என்பார்கள். அடுத்து அங்கே ஒரு கட்டடம் வரும். புல் நிற்கும் நிலத்துக்குத்தான் வாதாட ஆள் இருக்கும். ஆகவே மிச்சமிருக்கும் நிலத்தை எப்படி மேய்க்கிறோம் என்பதும் நில உரிமைப் பிரச்சினையின் ஒரு பகுதி.

கொறங்காடு கற்பிக்கும் பாடம்

இதற்கான பாடம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. கரூரின் அரவக்குறிச்சி, க.பரமத்தி பகுதிகளிலிருந்து மூலனூர், தாராபுரம், காங்கயம் வரை பரவியுள்ள கொறங்காடுகள் தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கப்படும் மேய்ச்சல் நிலங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. இந்த மூன்றும் சேர்ந்ததே கொறங்காடு. மழைக் காலத்தில் புல், கோடையில் வெள்வேலங்காய் என ஆண்டு முழுக்கத் தீனி கிடைக்கிறது. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்த நிலத்தை நம்பி வளர்ந்த இனங்கள்.

நம் வறட்சிப் பகுதிக்கும் இந்தப் புல்லும் மரமும் ஏற்றவையே. ஆனால் விதையை மட்டும் வாங்கி வந்து புறம்போக்கில் தூவினால் கொறங்காடு உருவாகிவிடாது. கொறங்காட்டின் உயிர் அதன் வேலியில் இருக்கிறது. ஒரு காட்டை மேய்த்ததும் படலைச் சாத்திவிட்டு அடுத்த காட்டுக்கு ஓட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் புல் மீண்டும் தழைக்கிறது.

மேய்ந்த புல் இரண்டு முதலீடுகளை வைத்துத்தான் மறுபடி துளிர்க்கிறது: அடிக்கட்டையில் மிஞ்சிய இலை, வேரிலும் தூரிலும் சேர்த்து வைத்திருக்கும் சத்து. துளிர்த்த பத்தாம் நாளே மறுபடி கடிபட்டால், வேரில் இருந்த கையிருப்பு கரையும். இப்படியே தொடர்ந்தால் நல்ல புல் அழிந்து, ஆடு தீண்டாத களைகளும் சீமைக் கருவேலமும் இடத்தைப் பிடிக்கும். பல புறம்போக்குகளில் நடந்தது இதுதான். எத்தனை ஆடு மேய்ந்தது என்பதைப் போலவே, எத்தனை நாள் கழித்துத் திரும்பி வந்தது என்பதும் முக்கியம்.

வேலி இல்லாத இடத்தில்

பொது நிலத்தில் இங்கேதான் சிக்கல். ஒருவர் தன் ஆடுகளை நிறுத்திவைத்தால், அவர் விட்டுவைத்த புல்லை அடுத்தவர் ஆடு மேய்ந்துவிடும். ஆகவே யாரும் நிறுத்துவதில்லை. இது மேய்ப்பவரின் பேராசை அல்ல. பொது ஏற்பாடு இல்லாததன் விளைவு.

பொது நிலம் என்றாலே அழிந்துதான் போகும் என்று 1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர் வாதிட்டார். அப்படியல்ல, பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காத்த பொது நிலங்கள் உலகெங்கும் உண்டு என்று எலினோர் ஆஸ்ட்ரம் நிறுவினார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமம். குளிர்காலத்தில் எத்தனை மாடுகளைத் தன் தீவனத்தில் காப்பாற்ற முடியுமோ அத்தனையை மட்டுமே பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்று அந்த ஊரார் 1517-லேயே விதி செய்தார்கள். நமக்குக் குளிர்காலத்துக்குப் பதில் பங்குனி, சித்திரை.

ஆனால் அதே விதியை அப்படியே எடுத்துக்கொண்டால், நான்கு ஆடு வைத்திருக்கும் நிலமில்லாத குடும்பம் முதலில் வெளியேறும். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தபட்சம் இத்தனை ஆடு என்று முதலில் ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் வைத்திருப்போருக்கே வரம்பு வைக்க வேண்டும்.

ஊர் செய்யக்கூடிய மூன்று வேலைகள்

முதலாவது, மழைக்குப் பின் மூடுதல். பருவமழையில் நிலம் நன்கு நனைந்த பிறகு, மேய்க்கால் நிலத்தில் பாதியை சுமார் 40 நாள் மூடி வையுங்கள். மறுபாதி திறந்திருக்கட்டும். அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். மூடிய பாதியில் புல் வேர் பிடித்து விதை உதிர்த்த பிறகே ஆடு இறங்க வேண்டும். இதற்கான தீர்மானத்தை அக்டோபர் 2 கிராம சபையில் நிறைவேற்றினால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஏற்பாடு தயாராகிவிடும். ஜனவரி 26 கிராம சபையில் பலனைக் கணக்குப் பார்க்கலாம்.

இரண்டாவது, புல்லை அளந்து மேய்த்தல். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தைப் பத்து இடங்களில் போட்டு, தரையிலிருந்து நான்கு விரல் உயரம் விட்டுப் புல்லை அறுத்து எடை போடுங்கள். சராசரி 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்குச் சுமார் 1,200 கிலோ பசும்புல். பாதியை நிலத்துக்கே விட வேண்டும். மீதி 600 கிலோ. 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளைக்கு 3 கிலோ பசும்புல் என்றால், 50 ஆடுகளுக்கு 4 நாள் மேய்ச்சல். ஐந்தாம் நாள் அடுத்த துண்டுக்கு ஓட்டிவிட வேண்டும். இதனால் இன்னொரு லாபமும் உண்டு. சாணத்தில் விழும் குடற்புழு முட்டைகள் பொரித்து, ஆட்டைத் தொற்றும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதற்குள் மந்தை இடம் மாறிவிட்டால் தொற்று குறையும். பனி காய்ந்த பிறகு ஆட்டை ஓட்டும் பழைய வழக்கமும் இதற்கு உதவும்.

மூன்றாவது, புல்லைப் புதுப்பித்தல். தேய்ந்த இடங்களில் ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ கொழுக்கட்டைப் புல் விதையை மழையை ஒட்டி விதைக்கலாம். ஊடே முயல் மசால் சேர்த்தால் புரதமும் கிடைக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். சீமைக் கருவேலத்தை அகற்றிய இடத்தை அப்படியே விட்டால் அது மீண்டும் முளைக்கும். அங்கே உடனே புல் விதைத்து, அந்த ஆண்டு முழுவதும் மேய்ச்சலின்றி விட வேண்டும்.

கீதாரிகளிடம் கேட்போம்

அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து காவிரிப் பாசனப் பகுதிக்குக் கீதாரிகள் வருகிறார்கள். ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பதை அறிந்த விவசாயி அவர்களை வரவேற்கிறார். புழுக்கையோடு சிறுநீரும் நேரே மண்ணில் சேர்வதால் சத்து வீணாவதில்லை. எந்தப் புல் எப்போது வரும், எந்த ஏரியில் தண்ணீர் நிற்கும், எந்தச் செடி ஆட்டுக்கு ஆகாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நம் பயிற்சி முகாம்களில் அவர்கள் பேசி நான் கேட்டது அரிது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு யோசனை. 1989-ல் இந்தோனேசியாவில் நெற்பயிருக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி முறை, பின்னர் கென்யாவில் கால்நடை வளர்ப்புக்கும் பயன்பட்டது. அங்கே யாரும் மேடையில் நின்று பாடம் நடத்துவதில்லை. குழுவினர் கூடி, பார்த்து, அளந்து, முடிவெடுக்கிறார்கள். இதை மேய்க்கால் நிலத்துக்குக் கொண்டுவரலாம். கீதாரி, ஆடு வளர்க்கும் பெண்கள், கால்நடை மருத்துவர், வேளாண் அலுவலர் ஆகியோர் மாதம் ஒருமுறை அதே நிலத்தில் கூடட்டும். மூடிய பாதியிலும் திறந்த பாதியிலும் சட்டம் போட்டு அறுத்து, ஊரார் கண்முன் எடை போடட்டும். இரண்டு எடைகளையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு நிலத்தை மூடச் சம்மதம் கேட்பது எளிதாகும்.

கொறங்காட்டில் கிளுவை வேலி செய்யும் வேலையை, புறம்போக்கில் ஊர்ப் பேச்சுதான் செய்ய வேண்டும். வரும் பருவமழைக்கு முன் ஒரு ஊரில், ஐந்து ஏக்கரில், 40 நாளைக்கு மட்டும் தொடங்கிப் பாருங்கள்.