திடீர்க் குழப்பமும் கீழே விழுதலும்: எங்கள் நிலைப்பாடு

முதியவர் ஒருவர் ஓரிரு நாளில் குழம்பிப் பேசத் தொடங்கி, கீழேயும் விழுந்தால் அதை அவசர நோயாகவே பார்க்க வேண்டும். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதை, முதியோர் மருத்துவத்தில் பணியாற்றும் எங்கள் அமைப்பு ஏற்கவில்லை.

முதலில் கேட்க வேண்டியது, ‘எப்போதிலிருந்து?’ மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். திடீர்க் குழப்பம் மணிக்கணக்கில் வந்துவிடும். காலையில் தெளிவு, அந்தி சாய்ந்தால் பினாத்தல் என்று ஏறி இறங்கும். மாதங்களின் பெயரைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் பாதியில் கவனம் கலைந்துவிடும். கத்துபவரை எல்லோரும் கவனிக்கிறோம். சாப்பிடாமல் சுருண்டு தூங்கிக்கொண்டேயிருப்பவருக்கும் இதே நோய் இருக்கலாம். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கு இது இன்னும் எளிதாக வரும். ‘நேத்துலேருந்து இவங்க இவங்களாவே இல்ல’ என்று மகளோ மருமகளோ சொன்னால், அதற்கு ரத்தப் பரிசோதனை முடிவுக்குத் தரும் மதிப்பைத் தர வேண்டும்.

அடுத்தது மாத்திரைப் பை. கடையில் கேட்டு வாங்கியது உட்பட எல்லா அட்டைகளையும் மேசையில் கொட்டிப் பார்க்க வேண்டும். குளோர்ஃபெனிரமைன் கலந்த சளி மருந்தும் அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையும் மூளையைக் குழப்பும், நடையையும் தள்ளாட வைக்கும். நீர் பிரியச் செய்யும் பிரஷர் மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் குறையலாம். சரியாகச் சாப்பிடாத நாளிலும் வழக்கம்போல் போட்டுக்கொண்ட கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மாத்திரை ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். ஆகவே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

உட்காரவைத்து மட்டும் ரத்த அழுத்தம் பார்ப்பது போதாது. 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் மறுமுறை பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், விழுந்ததற்கான காரணம் அதுவாக இருக்கலாம். அடிவயிற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும்; சிறுநீர் அடைத்து நின்றாலும் மலம் இறுகினாலும் குழப்பம் வரும்.

சிறுநீர்ப் பரிசோதனை பற்றி அழுத்திச் சொல்கிறோம். முதுமையில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தராமலே சிறுநீரில் கிருமி இருக்கும். அந்த ஒரு முடிவை நம்பி ஆன்டிபயாடிக் எழுதிவிட்டுத் தேடலை நிறுத்துவதால் உண்மையான காரணம் தப்பிவிடுகிறது. காய்ச்சல் இல்லை என்பதால் நிமோனியா இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் விழுந்து குழம்பினால், தலையில் அடிபட்ட நினைவு இல்லாவிட்டாலும் சி.டி. ஸ்கேன் தேவை. மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்தும் தன்னைக் காட்டும். ஆகவே போன மாதம் விழுந்தாரா என்றும் கேட்க வேண்டும்.

குழம்பியவரின் கையைக் கட்டிலோடு கட்டுவதையும், காரணம் தேடுமுன் தூக்க ஊசி போடுவதையும் எதிர்க்கிறோம். அவருக்குத் தேவை மூக்குக் கண்ணாடி, காது கருவி, பகல் வெளிச்சம், தெரிந்த முகம். பார்வை நேரம் முடிந்தது என்று துணையை வெளியே அனுப்பும் விதியிலிருந்து இந்த நோயாளிகளுக்கு எல்லா மருத்துவமனைகளும் விலக்கு தர வேண்டும். குழப்பம் தெளியுமுன் மறதி நோய் என்று கோப்பில் எழுதக் கூடாது. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்காமல், விழுந்து வந்த எவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.