பழைய லேப்டாப்புக்குப் புது மூளை வேண்டுமா?

அரியலூர், பெரம்பலூர் பக்கம் பல வீடுகளில் பரண்மேல் ஒரு அரசு லேப்டாப் கிடக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்தது. பிள்ளை வேலைக்குப் போய்விட்டது, பெட்டி நம்மிடம் தங்கிவிட்டது. அதைத் தூசி தட்டி எடுத்து, "ப்ராசஸரை மாற்றினால் வேகமாகுமா சார்?" என்று கேட்கும் பென்ஷன்காரர்கள் உண்டு. வேண்டாம் என்பதே என் கட்சி.

பழைய மாடல்கள் சிலவற்றில் ப்ராசஸர் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், கழற்றி மாட்டலாம். அதிலும் சாக்கெட், சிப்செட், பயாஸ் மூன்றும் புதியவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். 2015 வாக்கில் வந்த இன்டெல் ஐந்தாம் தலைமுறையிலிருந்து லேப்டாப் ப்ராசஸரைப் போர்டோடு பற்றவைத்தே தருகிறார்கள். மாற்றுவதென்றால் போர்டையே மாற்ற வேண்டியதுதான்.

தாமதத்துக்குக் காரணமும் பெரும்பாலும் ப்ராசஸர் அல்ல. ஆபீசில் குப்பை கொட்டியவர்களுக்கு இது உடனே புரியும். குமாஸ்தா எத்தனை சுறுசுறுப்பானாலும் ரெக்கார்டு ரூமிலிருந்து கட்டு வந்தால்தானே நோட் போட முடியும்? சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் அந்த ரெக்கார்டு ரூம். அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு, ராமை 4 ஜிபியாவது ஆக்கினால் பெட்டி எழுந்து உட்காரும். உள்ளே இருக்கும் விசிறியையும் துடைக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் லாரி ஓடும் ஊர்த் தூசி அது, லேசில் போகாது. சூடு ஏறினால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்து ஏற்காது. நம் பெட்டிக்கு லினக்ஸ் மின்ட் போதும், காசும் கிடையாது.

என் கோபமெல்லாம் பிரிக்க முடியாதபடி பெட்டி செய்கிறவர்கள் மேல்தான். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் செய்திகளைப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அங்கே 2021 ஜனவரி முதல், ஒரு லேப்டாப்பைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மார்க் போட்டு, வாங்குபவர் கண்ணில் படும்படி காட்ட வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அப்படி மார்க் போட்ட பெட்டியை நான் பார்த்ததில்லை.

2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி லேப்டாப் அறிவித்தது தமிழக அரசு. இத்தனை லட்சம் பெட்டி மொத்தமாக வாங்குகிறவர் சொன்னால் எந்தக் கம்பெனியும் கேட்கும். ராமும் டிஸ்க்கும் பேட்டரியும் திருப்புளியால் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்கட்டும்.